இரண்டாவது இருமல்

பாப்பா இருமினாள். ஒரே ஒரு இருமல். கண்ணைத் திறக்காமல், என் வயிற்றின் மேல் போட்டிருந்த காலைக்கூட அசைக்காமல், க்கும் என்று ஒன்று, அவ்வளவுதான், பழையபடி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். நான்தான் முழித்துக்கொண்டேன். முழித்துக்கொண்டேன் என்பதும் பொய், நான் எங்கே தூங்கினேன், மத்தியானச் சோறு ஊட்டி, அவளைப் பக்கத்தில் போட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஜன்னல் ஷேடில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன். மார்கழி பிறந்தும் விடாத மழை. இது புரையேறினதாகத்தான் இருக்கும். தூக்கத்தில் எச்சில் தவறிப் போயிருக்கும். யாராவது நினைத்தால் புரையேறும் என்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும், அவள் அப்பா நினைத்திருப்பார், இல்லை, அந்த மனுஷன் அம்பத்தூர் கம்பெனி ஸ்டோருக்குள் நுழைந்துவிட்டால் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் மறந்துபோகும், போல்ட்டும் நட்டும்தான் ஞாபகம் இருக்கும், வாலாஜாவில் என் அம்மா நினைத்திருப்பாள், பேத்தி சாப்பிட்டாளோ தூங்கினாளோ என்று. சரி, அம்மாதான். ஒரு இருமலுக்கு ஒரு ஆள் போதும். எச்சில் புரையேறினால் ஒன்றோடு நிற்கும். இரண்டாவது வந்தால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு என்பதெல்லாம் எனக்குப் பெரிய வார்த்தை. பிடிக்கிற அளவுக்கு என்னிடம் மூச்சு இல்லை.

எனக்கும் ஒன்றில்தான் ஆரம்பித்தது. போன வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்கு ஒட்டடை அடித்தபோது ஒரு இருமல், இதே மாதிரி, க்கும். தூசி என்று நினைத்தேன். தூசி யார் வீட்டில் இல்லை. அப்புறம் காலையில் எழுந்ததும் இரண்டு, படுத்ததும் நாலு, அப்புறம் எண்ணுகிற வேலையை விட்டுவிட்டேன். தூதுவளை ரசம் வைத்துக் குடித்தேன், மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்து நக்கினேன், தெருமுனை கிளினிக்கில் ஊசி, மருந்துக்கடையில் சிவப்பு டானிக், பச்சை டானிக். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினால் பாதிப் படியில் உட்கார வேண்டியிருந்தது. சாயங்காலமானால் குளிர் ஜுரம் மாதிரி ஒன்று வரும், விடிந்தால் போய்விடும். உடம்பு இளைத்தது. இளைப்பு, மாலை ஜுரம், இருமல், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெருவில் யாருக்கும் ஒரே வியாதிதானே ஞாபகம் வரும். மாடி வீட்டு ஓனரம்மா சொர்ணம் எனக்குக் காபி கொடுக்கிற டம்ளரைத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தாள், "தப்பா நெனச்சிக்காத புனிதா, பேரன் வந்து போற வீடு" என்று. நான் தப்பாக நினைக்கவில்லை, நானே என் டம்ளரைத் தனியாகத்தான் வைத்திருந்தேன், ஓனரம்மாவுக்கு முன்னாலேயே. சளியை டப்பாவில் துப்பித் துப்பிக் கொடுத்து, கடைசியில் டிபி இல்லை என்று ஆனபோது என் வீட்டுக்காரர் தணிகைவேல் ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்கு அங்கேயே தேங்காய் உடைத்தார். எனக்கு அழுகை வந்தது. அது இல்லை என்றால் பேர் தெரியாத வேறொன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அப்போது பாப்பா என் இடுப்பில் இருந்தாள். நான் இருமினால் அவளும் என்னைப் பார்த்து வாயைத் திறப்பாள், திறந்துவிட்டுச் சிரிப்பாள். அதைப் பார்த்து நாங்களும் சிரித்திருக்கிறோம்.

இருமவில்லை. இன்னும் இருமவில்லை. மழை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, குறைந்தால் நன்றாகக் கேட்கும். உள்ளே உட்கார்ந்திருப்பது என்னவென்று சொன்னது ஒரு நுரையீரல் டாக்டரம்மாதான். தலையெல்லாம் வெள்ளை, சிரிக்காத முகம், ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிப் பேசாமல் வீட்டைப் பற்றிக் கேட்டாள். வீட்டில் புறா உண்டா, கோழி உண்டா, ஏர் கூலர் உண்டா, சுவரில் ஓதம் உண்டா, பூசணம் பூத்திருக்கிறதா. கடைசியில் கேட்டது எனக்குச் சுருக்கென்று இருந்தது. "தெனம் ரெண்டு வேளை வீடு துடைக்கிறவ டாக்டர் நானு" என்றேன். "துடைக்கிற எடத்துல அது இருக்காதும்மா, துடைக்காத எடத்துல பாருங்க" என்றாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு நுரையீரல் வரைந்து காட்டினாள், எனக்கு அது ஜோடிக் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. "பூசணத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாத பொடி பறக்கும். எல்லாரும்தான் அதை இழுக்கறோம். சிலபேர் உடம்பு மட்டும் அதைத் திருடன்னு நெனச்சிப் போட்டு அடிக்கும். அடி விழறது நுரையீரல் மேல. வீங்கின எடம் மாத்திரையில வத்திடும். தழும்பாயிட்டா வத்தாது." கத்தரிக்காயின் அடியில் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தாள், தழும்பு ஆன இடமாம். கொஞ்சம்தான் என்றாள். இனிமேல் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். "பாதி மருந்து நான் எழுதறேன். மீதிப் பாதி உங்க வீட்ல இருக்கு, அதை நீங்கதான் தேடணும்" என்றாள். எழுந்திருக்கும்போது, "கொழந்தை இருக்கா?" என்றாள். இருக்கிறாள் என்றேன். "இது ஒட்டிக்கிற வியாதி இல்ல, பயப்படாதீங்க. ஆனா அதே காத்தைத்தானே அவளும் இழுக்கறா. இருமல் ஆரம்பிச்சா கூட்டிட்டு வாங்க." இருமல் ஆரம்பித்தால். ஒரு இருமல் ஆரம்பமா? ஒரு துளி விழுந்தால் மழை என்கிறோமா? அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, வெளியே அடுத்த டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள்.

துடைக்காத இடம் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரியா இருக்கிறது. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் நேர் எதிரே நிற்கிறது. என் சீர் பீரோ. ஆளுயரக் கண்ணாடி வைத்த பச்சை இரும்பு பீரோ. கல்யாணமாகி வந்தபோது இது ஹாலில் இருந்தது. ஆறு வருஷம் பிள்ளை இல்லை. கோயில், குளம், ஆஸ்பத்திரி எல்லாம் ஆயிற்று, ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தது. அப்போதுதான் இவருடைய அக்கா வீட்டுக்காரர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். அவர் பேர் ஏகாம்பரம், கையில் திசை பார்க்கிற கருவி, வாயில் வெற்றிலை. வீடு முழுக்கச் சுற்றிவிட்டு இந்த அறையின் தென்மேற்கு மூலையில் நின்று உச்சுக்கொட்டினார். "கன்னிமூலை காலியா கெடக்கே. கன்னிமூலையில பாரம் இல்லாத வீட்ல கொழந்தைச் சத்தம் எப்படிம்மா கேக்கும்?" அன்றைக்கே நாலு ஆளை வைத்துப் பீரோவைத் தூக்கி இந்த மூலையில், முதுகைத் தெற்குச் சுவரில் ஒட்டி, முகம் வடக்கே பார்க்க வைத்தார்கள். பாரம் போதாது என்று பித்தளை அண்டா, குத்துவிளக்கு, அம்மா கொடுத்த குழவிக்கல்லைக்கூடத் துணி சுற்றி அடித்தட்டில் வைத்தோம். சிரிக்காதீர்கள், ஆறு வருஷம் காத்திருந்தவர்கள் மலையைக்கூடத் தூக்கி உள்ளே வைப்பார்கள். போகும்போது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "வச்சதை அசைக்காதீங்க. வந்தது நிக்கணும்னா வச்சது நிக்கணும்." அடுத்த சித்திரையில் நான் முழுகாமல் இருந்தேன். எதனால் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி மாத்திரையாக இருக்கலாம். ஆனால் என் பிள்ளை விஷயத்தில் இருக்கலாம் என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். வந்தது நிற்கணும். வந்தது இதோ என் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது.

டாக்டரம்மாவிடம் இருந்து வந்த அன்றைக்கே செல்போன் டார்ச்சை அடித்துப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு வெளியேதான் மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் இறங்குகிறது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சுவரே தெரியவில்லை என்பது தெரிந்தது. கறுப்பு. சில இடத்தில் பச்சை, ஓரத்தில் சாம்பல், பழைய சோற்றின் மேல் பூத்திருக்குமே அந்தமாதிரி, தரையிலிருந்து என் தலை உயரத்துக்கு. தொட்டால் வழுக்குமோ உதிருமோ, தொடவில்லை. அந்த வாடையை நான் வருஷக்கணக்காகப் பட்டுப்புடவை வாடை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்துருண்டை போட்டேன், போகவில்லை, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போட்டேன், அந்தப் புகையில் இருமி இருமி, இருமல் தாங்காமல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று எதைப் பிடித்தேன்? பீரோவின் கைப்பிடியைத்தான். இரும்பு சில்லென்று இருக்கும், நெற்றியை அதன் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, வாயை அந்தச் சந்துப் பக்கம் திருப்பி, மூச்சை இழுத்து இழுத்து. எவ்வளவு இழுத்திருப்பேன். இன்றைக்கும் இருமல் வந்தால் என் கால் தானாக அங்கேதான் போகிறது. சுவரைப் பற்றிக் கேட்டால் ஓனரம்மா சொல்கிறாள், "ஓதம் இல்லாத வீடு மெட்ராஸ்ல எது புனிதா, பொங்கலுக்குப் பெயிண்ட் அடிச்சிடறேன்." மூன்று பொங்கலாக அடிக்கிறாள், பீரோவைச் சுற்றி அடிக்கிறாள். இவரோ பீரோவை அசைக்காமலேயே நீளக் குச்சியில் துணி கட்டி பிளீச்சிங் பவுடரைச் சந்துக்குள் தள்ளினார். அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் எனக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். "நல்லதுக்குத்தானே பண்ணேன்" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். நல்லதுக்குத்தான். எல்லாமே நல்லதுக்குத்தான்.

அவளுடைய மார்பு ஏறி இறங்குகிறது. சட்டையில் இருக்கிற வாத்துப் பொம்மை ஏறுகிறது, இறங்குகிறது. கொஞ்சம் வேகமாக ஏறுகிறதா? குழந்தைகள் வேகமாகத்தான் மூச்சு விடும், என் மூச்சோடு வைத்துப் பார்த்தால் எல்லோரும் வேகம்தான், இல்லை, என்னுடையதுதான் வேகம், யாருடையது சரி என்றே எனக்கு மறந்துவிட்டது. மூக்குச் சிவந்திருக்கிறதா? காலையில் தும்மினாள், ஆனால் அது நான் மிளகாய் வறுத்தபோது. விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டரம்மா. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் எழுந்துவிடுவாள். இந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டையில் ஊறல் எடுக்கிறது. இருமக் கூடாது. நான் இருமினால் அவள் எழுவாள், எழுந்தால் அது இருமி எழுந்ததா நான் எழுப்பி எழுந்ததா என்று தெரியாமல் போய்விடும். விழுங்கு. எச்சிலைக் கூட்டி விழுங்கு. பஃப் எடுக்கிற நேரம்தான், இன்ஹேலர் ஜன்னல் திண்டில் இருக்கிறது, கை எட்டாது, அவள் கால் வயிற்றின் மேல். மெதுவாக இழுத்து, உள்ளே நிறுத்தி, விட்டு, வாயைக் கொப்பளிக்க வேண்டும், இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. "அது எடுத்தா பழகிடும்" என்றாள் எதிர்வீட்டு அகிலா. மூச்சு விடுவதுகூடப் பழக்கம்தான், அதை விட்டுவிட முடியுமா? ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் இட்லி மாதிரி உப்பிப்போய், கண்ணாடியில் பார்க்கச் சகிக்காமல் ஒரு வாரம் நானாக நிறுத்திவிட்டு அதற்கும் திட்டு வாங்கினேன். திடீரென்று நிறுத்தக் கூடாதாம், படிப்படியாகத்தான் இறங்க வேண்டுமாம். எல்லாம் படிப்படியாக. ஏறும்போது மட்டும் ஒரே தாவல். அந்தச் சின்ன மார்புக்குள்ளே எவ்வளவு பெரிய கத்தரிக்காய் இருக்கும்? பிஞ்சுதான் இருக்கும். பிஞ்சில் புள்ளி விழுந்தால்? வேண்டாம், அதை நினைக்காதே, நினைத்தால் நடந்துவிடும், நினைக்காவிட்டாலும் நடந்துகொண்டுதானே இருக்கிறது, இதோ மழை பெய்யப் பெய்யச் சுவர் குடித்துக்கொண்டிருக்கிறது.

ஐப்பசியில் தம்பி பிள்ளைக்குக் காது குத்தென்று வாலாஜா போய்ப் பத்து நாள் போல இருந்தேன். அது காய்ந்த ஊர், பாறை, வெயில், கிணற்றிலேயே தண்ணீர் இல்லாத ஊரில் சுவரில் எங்கே இருக்கும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நான் இருமவில்லை. பயமாகப் போய்விட்டது. நல்லது நடந்தாலும் முதலில் பயம்தான் வருகிறது எனக்கு. ஊரிலிருந்து திரும்பி இந்த அறையில் ஒரு ராத்திரி படுத்தேன், விடியும்போது நெஞ்சு பழையபடி கட்டிக்கொண்டது. இவரிடம் சொன்னேன். "அம்மா வீட்டுக்குப் போனா எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஒடம்பு நல்லாதான் ஆவும்" என்று சிரித்தார், சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இதைவிட என்ன டெஸ்ட்டும்மா வேணும்? வீட்டை மாத்துங்க" என்றாள். வீடு பார்த்தோம், கார்த்திகையெல்லாம் பார்த்தோம், வாடகை ஒத்துவந்தால் வாசல் தெற்கே பார்த்திருக்கும், வாசல் சரியாக இருந்தால் தண்ணீர் வராது. ஒன்று கிடைத்தது. அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யார் வீடு மாறுவார்கள்? பால் காய்ச்சுகிற மாதமா அது? "ஒரு மாசம்தானே புனிதா, தை பொறந்தா வழி பொறக்கும்" என்றார். நானும் சரி என்றேன். அவர் மேல் பழியைப் போட மாட்டேன், நானும்தான் சரி என்றேன், எனக்கு இவரைவிட ஒரு பயம் கூடுதல். தையில் போனாலும் பீரோவை அசைத்துத்தானே ஆகவேண்டும். இருந்தால் சுவர் என் பிள்ளையைத் தின்னும், அசைத்தால் வந்தது போய்விடும். வந்தது நிக்கணும்னா வச்சது நிக்கணும். அந்த ஏகாம்பரம் இன்னும் எத்தனை வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இப்படிச் சொல்லிவிட்டுப் போனாரோ, நன்றாக இருக்கட்டும், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். மழை வலுத்துவிட்டது. அம்மா தாயே, இரண்டாவது வராமல் இருக்கட்டும், தை பிறக்கிற வரைக்கும் தாங்கட்டும், என் மூச்சில் பாதியை வேண்டுமானால் அவளுக்குக் கொடு. என் மூச்சில் பாதி என்று வேண்டிக்கொள்கிறேனே, அந்த ஓட்டை மூச்சை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்.

கண்ணை மூடினேனா என்ன. வயிற்றின் மேல் பாரம் இல்லை. கால் இல்லை. க்கும். க்கும் க்கும். பக்கத்தில் தடவினால் வெறும் தலையணை. பாப்பா பீரோவிடம் நிற்கிறாள். எட்டாத கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டு, நெற்றியை இரும்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைச் சந்துக்குள் விட்டுச் சுவரில் ஊன்றிக்கொண்டு, தோளைக் குலுக்கி இருமுகிறாள், இருமிவிட்டு வாயைச் சந்துப் பக்கம் திருப்பி ஹ்ஹ்ஹ் என்று இழுக்கிறாள். யாரோ இழுக்கிற மாதிரி இருக்கிறது. நான் இழுக்கிற மாதிரி இருக்கிறது. "பாப்பா!" திரும்பினாள், சிரித்தாள். "என்னடா கண்ணு, தொண்டை வலிக்குதா?" "வலிக்கல." "பின்ன ஏன் இருமறே?" "நான் அம்மா." "என்னது?" "அம்மா வெளையாட்டு. இப்ப நீ பாப்பா. நீ தூங்கணும்." அப்பாடா. தெய்வமே, விளையாட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு இருமலாகி, இருமல் நெஞ்சைப் பிடுங்கி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தேன், பீரோவிடம் போகவில்லை. அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள், விளையாட்டில் என்னைவிடத் தான் நன்றாக இருமினோமா என்று பார்க்கிற மாதிரி. என் பிள்ளைக்கு அம்மா என்றால் இதுதான். சமைக்கிறவள் இல்லை, தட்டிக்கொடுக்கிறவள் இல்லை, பீரோவைப் பிடித்துக்கொண்டு இருமுகிறவள். சரி, போகட்டும், விளையாட்டுத்தானே. ஆனால் முதல் இருமல்? அது தூக்கத்தில் வந்ததே. "மொதல்ல படுத்துட்டிருக்கறப்ப இருமினியே, அது?" "தூங்கல. தூங்கற மாதிரி வெளையாண்டேன்." இருக்கலாம். குழந்தை, எதைச் சொன்னால் அம்மா முகம் தெளியுமோ அதைச் சொல்லும். இருக்கலாம், மறுபடியும் அந்த வார்த்தை. இனிமேல் இவள் இருமும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன், நீ யாரு, அம்மாவா பாப்பாவா என்று. "அம்மா, இங்க பாரு மை" என்றாள். சந்துக்குள் விட்ட கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு, கண்மையைக் கவிழ்த்துக்கொண்ட மாதிரி. "திஷ்டிப் பொட்டு வச்சிக்கட்டா?" என்று ஒற்றை விரலால் தொட்டு, கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

மணிக்கட்டை எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது, அவள் அழுதுவிட்டாள். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் தண்ணீர் ஓடியது, நகக்கண்ணில் கொஞ்சம் நின்றது, அது போகவில்லை. ஹால் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவளுக்கு மாற்றினேன். மருந்துப் பை, இன்ஹேலர், நெபுலைசர், அவளுடைய வாத்து பாட்டில். வேறு துணி எடுக்கவில்லை, மற்றதெல்லாம் பீரோவில். சாவி அதிலேயே தொங்கியது, கண்ணாடியில் இட்லி முகத்தோடு ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், அவளைப் பார்த்து, நீ இங்கேயே நில்லு, உன்னை யாரும் அசைக்க மாட்டோம் என்று சத்தமாகவே சொன்னேன். அறைக் கதவைச் சாத்தினேன், வீட்டைப் பூட்டினேன், மாடிப்படிக்குக் கீழே, சாரல் அடிக்காத இடத்தில் அவளை நிறுத்திவிட்டு ஆட்டோவுக்குச் சொன்னேன். பஃப் இழுத்தேன். இழுத்து நிறுத்தினேன். அப்புறம் இவருக்குப் போன் போட்டேன். "வாலாஜாவுக்குக் கெளம்பிட்டேங்க. பாப்பாவும் நானும்." "மழையிலயா? என்னடி ஆச்சு, மார்கழில இப்படித் திடுதிப்புனு—" "பீரோ அங்கயேதான் இருக்கு. நீங்க தையில வந்து எது வேணா பண்ணுங்க, நான் அதைத் தொடல. நாங்க ரெண்டு பேரும்தான் கெளம்பறோம்." சொல்லிவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றேன், வாஸ்து, மார்கழி, ஓனர், அக்கா வீட்டுக்காரர் எல்லாம் வரிசையாக வரும் என்று. ஒன்றும் வரவில்லை. பின்னால் ஏதோ இரும்பு விழுகிற சத்தம் கேட்டது, அவர் மூச்சு கேட்டது. "இருமினாளா?" என்றார். "ராத்திரில நானும் கேட்டேன் புனிதா. ரெண்டு மூணு நாளா. நீ மாத்திரை போட்டு அசந்து தூங்கறே, உன்கிட்ட சொன்னா பயந்துடுவியோன்னு..." மூக்கை உறிஞ்சினார். "போ. நீ முதல்ல போ. நான் லீவு சொல்லிட்டு அங்க வரேன்." திட்டக்கூட எனக்கு மூச்சு இல்லை. ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு இவரும் இரண்டாவது வருமா என்று காத்திருந்திருக்கிறார், நானும் இவரும் ஒரே கட்டிலில், ஆளுக்கு ஒரு பயத்தை மறைத்துக்கொண்டு. தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. பாப்பா படிக்கு வெளியே கையை நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அழுகை எல்லாம் மறந்துபோய். அப்படியே தோளைக் குலுக்கி இருமினாள். க்கும் க்கும். நான் குனிந்து, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இப்ப நீ யாரு, அம்மாவா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். "வெளையாட்டு முடிஞ்சிடுச்சும்மா" என்றாள். "இப்ப நான் பாப்பாதான்."